திருநாமத்தால் பிழைத்த கடிதங்கள்

எழுத்துக்குப் புனிதம் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வி வேதங்களையும் ஆகமங்களையும் பற்றி எழும்போது நமக்கு அத்தனை சிரமம் தருவதில்லை. சொல்லப்பட்ட பொருள் புனிதமானது, ஆகையால் அதைத் தாங்கிய ஏடும் புனிதமானது என்று விடை கூறிவிட்டு மேலே சென்றுவிடுகிறோம். ஆனால் மிளகு விலையையும், வரவேண்டிய பாக்கியையும், கப்பலில் நனைந்து பாழான சரக்கையும் குறித்து ஒரு வியாபாரி மற்றொரு வியாபாரிக்கு எழுதிய கடிதத்தை, வழிபாட்டு ஸ்தலத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்து, அதை எறிவதற்கோ எரிப்பதற்கோ அஞ்சி வாழ்ந்த ஒரு சமூகம் இருந்தது என்று அறியும்போது, அந்த எளிய விடை போதாமற் போய்விடுகிறது.

அச்சமூகம் எகிப்து தேசத்தில், பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத் நகரில் வாழ்ந்த யூதர்களின் சமூகம். அவர்களுடைய பென் எஸ்ரா ஜெப ஆலயம் 11-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்துக் கட்டப்பட்டபோது, பெண்கள் அமரும் மேல்மாடத்தின் ஒரு கோடியில் ஜன்னலில்லாத அறை ஒன்று அமைந்தது. ஏணி வைத்து ஏறி, சுவரின் உயரத்திலிருந்த ஒரு துவாரத்தின் வழியாகத்தான் அதற்குள் எதையும் போட முடியும். கடவுளின் திருநாமம் எழுதப்பட்டதை அழிக்கலாகாது என்பது யூத தர்மசாஸ்திரத்தின் விதி. பழுதடைந்த வேத நூல்களை, இறந்த மனிதரை அடக்கம் செய்வதுபோல மயானத்தில் அடக்கம் செய்வார்கள். அதற்குரிய காலம் வரும்வரை அவற்றைச் சேர்த்து வைக்கும் இடத்துக்குக் கெனிஸா என்று பெயர். எங்கும் உள்ள வழக்கம் இதுதான். ஃபுஸ்தாத்தில் மட்டும், சேர்த்து வைப்பது நடந்ததே தவிர, அடக்கம் செய்வது பெரும்பாலும் நடக்கவில்லை. அந்த அறைக்குள் விழுந்த காகிதம், மழை அரிதான அந்தத் தேசத்தின் வறண்ட காற்றில், தலைமுறை தலைமுறையாக அப்படியே கிடந்தது.

சாஸ்திரம் விதித்த எல்லை குறுகியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எந்தெந்தத் திருநாமங்களை அழிக்கக் கூடாது என்று அது எண்ணிச் சொல்கிறது. மற்ற அடைமொழிகளுக்கு அத்தனை கட்டுப்பாடு இல்லை. சாமானிய மக்களோ அந்த எல்லையோடு நிற்கவில்லை. இரக்கமுள்ளவனின் பெயரால் என்று தொடங்கி, இறைவன் நாடினால் கப்பல் சேரும், இறைவன் அருளால் நூறு பொன் கிடைத்தது, பாக்கியைத் தராதவனை இறைவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று வரிக்கு வரி கடவுளைச் சாட்சிக்கழைக்கும் கடிதங்களை எழுதியவர்கள், அந்தக் காகிதங்களையும் வேதத்துக்குரிய மரியாதையோடு அறைக்குள் இட்டார்கள். அவற்றின் மொழி பெரும்பாலும் அரபியே. ஆனால் எழுத்து எபிரேய எழுத்து. வேதம் எழுதப்பட்ட எழுத்தாலேயே கணக்கும் எழுதப்பட்டிருப்பதால் கணக்கையும் எறியலாகாது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. முற்றிலும் அரபி எழுத்திலேயே எழுதப்பட்டவைகூட அங்கே கிடைத்திருக்கின்றன. பண்டிதர் இதை அறியாமை என்று சொல்லக்கூடும். எனக்கோ, சாஸ்திரத்தைவிடச் சாமானியரின் மிகைதான் இவ்விஷயத்தில் ஆழமானதாகத் தோன்றுகிறது. கடவுள் வேதத்தில் மட்டும் இருக்கிறார், பேரேட்டில் இல்லை என்று பிரிக்கத் தெரியாதவர்களாக அவர்கள் இருந்தார்கள். பிரிக்கத் தெரிந்தவர்களாக இருந்திருந்தால், அவர்களைப் பற்றி நாம் இன்று அறியக்கூடியது சொற்பமே.

மளிகைச் சாமான் பட்டியலின் தலைப்பிலும் பிள்ளையார் சுழி இட்டுத் தொடங்கும் நமக்கு இந்த மனநிலை அந்நியமானதன்று. ஆயினும், எழுத்தினிடத்துப் பக்தி இருந்தால் எழுத்து பிழைத்துவிடும் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், கரிவலம்வந்தநல்லூரில் நடந்ததை நினைத்துக்கொள்ள வேண்டும். அவ்வூர்க் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகளைத் தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையருக்கு, சிதைந்த ஏடுகளைக் கண்ட இடத்தில் போடலாகாது, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமம் விதித்திருப்பதாகவும், அவ்வாறே செய்தாயிற்று என்றும் விடை கிடைத்ததை அவர் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அங்கேயும் பக்திக்குக் குறைவில்லை. ஃபுஸ்தாத்தில் பக்தி காகிதத்தை அறையில் இட்டது. பிறகு அதே பக்தி விதித்த அடக்கத்தைச் செய்யாமல் விட்ட அசட்டைதான் அதைக் காத்தது. விதியை முழுவதும் அனுஷ்டித்திருந்தால் அத்தனையும் மண்ணாகியிருக்கும். பாதி பக்தியும் பாதி சோம்பலும் கூடிச் செய்த காரியத்தைத் தெய்வச் செயல் என்பதா, தற்செயல் என்பதா?

இந்தக் கேள்வியை இப்போதைக்கு நிறுத்தி வைத்து, அறை திறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1896-ஆம் ஆண்டில், ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரிகள் கீழ்நாட்டுப் பிரயாணத்தில் வாங்கி வந்த சில ஏடுகளைக் கேம்பிரிட்ஜில் எபிரேய ஆசிரியராக இருந்த சாலமன் ஷெக்டரிடம் காட்டினார்கள். அவற்றில் ஒன்று, நெடுங்காலமாக மூலம் மறைந்து கிடந்த பென் சீரா என்னும் பழைய யூத ஞானியின் நூலின் எபிரேயப் பக்கம் என்று அவர் கண்டுகொண்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே கெய்ரோவுக்குச் சென்று, தலைமை ரப்பியின் அனுமதியோடு அந்த அறைக்குள் இறங்கி, புழுதியில் மூச்சுத் திணறி, அவர் கொண்டுவந்து சேர்த்தவை கேம்பிரிட்ஜில் மட்டும் ஏறக்குறைய 1,93,000 துண்டுகள். அவர் தேடிச் சென்றது வேதமும் வேத வியாக்கியானமும். கடிதங்களும் கணக்குகளும் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. பயனற்றவை என்று பெட்டிகளில் ஒதுக்கப்பட்ட மிச்சத்தை 1950-களில்தான் மறுபடி பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அக்கடிதங்களில் தம் வாழ்நாளின் பிற்பாதியைச் செலவிட்டு, ‘ஒரு மத்தியதரைச் சமுதாயம்’ என்ற ஐந்து பாக நூலை எழுதிய கோய்டெயின், சரித்திரத்தில் பெயர் பெறாத வியாபாரிகளையும், விதவைகளையும், வைத்தியர்களையும், பள்ளி ஆசிரியர்களையும் ஒரு முழுச் சமுதாயமாக எழுப்பி நிறுத்தினார். வேதத்தையும் வியாபாரத்தையும் ஒரே குவியலில் போட்ட மக்களின் காரியத்தைக் கற்றவர்கள் முதலில் பிரித்தார்கள். பிரித்ததில் எது பதர் என்று ஒதுக்கினார்களோ அதற்கே பிற்காலத்தில் மதிப்பு மிகுந்தது.

அந்தப் பதரில்தான் நம் மேற்குக் கடற்கரையின் சங்கதிகளும் இருந்தன. இன்றைய துனீசியாவின் மஹ்தியா நகரிலிருந்து வந்த ஆபிரகாம் பென் யிஜூ என்பவர் 1132-ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் மங்களூரில் தங்கி, மிளகும் இரும்பும் பாக்கும் ஏற்றுமதி செய்தும், பித்தளைப் பாத்திரப் பட்டறை நடத்தியும் வாழ்ந்தார். ஆஷு என்னும் அடிமைப் பெண்ணுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்து, அவளையே மணந்தார் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். ஏடனிலிருந்து நண்பர்கள் அவருக்குச் சர்க்கரையும் உலர்ந்த திராட்சையும் அனுப்பினார்கள். காகிதமும் அனுப்பினார்கள், ஏனெனில் அது இங்கே கிடைக்காத பண்டம். ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கைத் தராத உள்ளூர்க்காரர் ஒருவரைப் பற்றி எத்தனையோ கடிதங்களில் புகார் நீள்கிறது. கண்டனப் பத்திரம் எழுதி அனுப்பிவிடுவோம் என்று அவரை மிரட்டிப் பார்க்கும்படி ஏடன்காரர் யோசனையும் சொல்கிறார். அந்தக் கண்டனம் மங்களூர் ஏலக்காய் வியாபாரியை எவ்வளவு நடுங்கச் செய்திருக்கும் என்பது யோசிக்கத் தக்கது! இத்தகைய கடிதத்திலும் திருநாமம் தலைப்பில் இருக்கிறது. அதனாலேயே அது பிழைத்தது.

வியாபாரக் கடிதத்தின் தலையில் கடவுளின் பெயரை எழுதுவது வெறும் சம்பிரதாயம் அல்லவா, பேராசைக்குப் போர்த்திய பட்டு அல்லவா என்று கேட்கலாம். இத்தாலியில் பிராத்தோ நகரத்தவரான பிரான்செஸ்கோ தத்தீனி என்னும் பெருவணிகர், கடவுளின் பெயராலும் லாபத்தின் பெயராலும் என்று தம் பேரேடுகளில் தலைப்பிட்டவர். 1410-இல் அவர் இறந்தபோது தம் சொத்தைத் தம் ஊர் ஏழைகளுக்கென்று எழுதிவைத்தார். ஒன்றையும் எறியாமல் சேர்த்து வைத்திருந்த ஏறக்குறைய 1,50,000 கடிதங்கள், 1870-இல், அவருடைய மாளிகையின் மாடிப்படிக்கடியில் மூட்டைகளாக அகப்பட்டன. லோகாயத விவகாரங்களிலேயே மூழ்கிக் கிடக்கும் அவரை, ஆன்மாவையும் சற்று நினைக்கும்படி அவருடைய நண்பரும் பத்திரம் எழுதுபவருமான லாப்போ மாத்ஸேயி இடித்துரைத்த கடிதங்களும் அவற்றில் இருக்கின்றன. ஆக, கடவுளின் பெயர் தலைப்பில் இருந்தது, ஆனால் மனத்தில் இருந்ததா என்பதில் அக்காலத்து நண்பருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. இந்தச் சந்தேகத்தை நான் மறுக்க வரவில்லை. நித்தியமும் கைப்பழக்கத்தால் எழுதுகிற ஒரு வாசகம், என்றோ ஒருநாள், எழுதுபவனின் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டி வருகிறது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன். அதற்கு ஃபுஸ்தாத் அறையிலேயே, மனத்தை விட்டு நீங்காத சாட்சி ஒன்று இருக்கிறது.

மைமோனிடீஸ் என்று மேல்நாட்டார் வழங்கும் மோசே பென் மைமோன் (யூத சமயத்தின் தர்மசாஸ்திரத்தைத் தொகுத்தவரும், ‘திகைத்தோருக்கு வழிகாட்டி’ என்ற தத்துவ கிரந்தத்தை இயற்றியவருமாகிய பேரறிஞர்) ஸ்பெயினிலிருந்து வெளியேறிய குடும்பத்தோடு ஃபுஸ்தாத்தில் குடியேறி, 1204-இல் இறக்கும்வரை எகிப்திலேயே வாழ்ந்தார். அவர் கவலையின்றிக் கல்வியில் ஈடுபடுவதற்காக வியாபாரத்தின் சுமையை ஏற்றுக்கொண்டவன் தம்பி தாவீது. அத்தம்பி செங்கடல் துறைமுகமாகிய ஐதாபிலிருந்து அண்ணனுக்கு எழுதிய கடிதம் கெனிஸாவில் அகப்பட்டு, இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நைல் நதிக்கரையிலிருந்து பாலைவனத்தைக் கடக்கையில், வணிகக் கூட்டத்தோடு சேர்ந்து போகாமல், அறியாமையால் தானும் ஒரு தோழனும் தனியே போய்விட்டதையும், எந்தத் தீங்குமின்றி ஊர் சேர்ந்ததையும், பின்னால் வந்த கூட்டத்தார் கொள்ளைக்கு ஆளாகிச் சிலர் கொல்லப்பட்டதையும், சிலர் தாகத்தால் இறந்ததையும் அவன் சொல்கிறான். ஐதாபில் அவுரியைத் தவிர வாங்கத் தக்க சரக்கு ஒன்றுமில்லை. ஆகையால் அண்ணன் எதிர்பாராத வண்ணம் கடலேறி இந்தியாவுக்கே போகத் துணிந்துவிட்டான். பாலைவனத்தில் என்னைக் காத்தவன் கடலிலும் காப்பான், கவலைப்படாதே என்று எழுதுகிறான். வீட்டிலுள்ள சிறியவளையும் அவள் சகோதரியையும் தேற்றும்படி, அவர்களை அச்சுறுத்தாதிருக்கும்படி வேண்டுகிறான். நடந்து முடிந்ததற்காகக் கடவுளிடம் கதறுவது வீணான பிரார்த்தனை என்ற பழைய சாஸ்திர வாக்கியத்தையும் நினைவூட்டுகிறான்.

தாவீது இந்துமாக் கடலில் மூழ்கி இறந்தான்.

பிற்காலத்தில் ஆக்கோ நகரத்து நண்பர் ஒருவருக்கு மோசே எழுதிய மறுமொழி, பிரதி பண்ணப்பட்டு வந்த அவருடைய கடிதத் தொகுதிகளில் காக்கப்பட்டிருக்கிறது. தம்பியோடு தம்முடையதும் பிறருடையதுமாகிய பொருளும் போயிற்று என்றும், ஒரு சிறு பெண்குழந்தையும் விதவையும் தம்மிடம் விடப்பட்டார்கள் என்றும், செய்தி கேட்ட நாள் முதல் ஏறக்குறைய ஓராண்டு ஜுரத்திலும் மனக்குழப்பத்திலும் படுக்கையாகக் கிடந்ததாகவும், எட்டு ஆண்டுகள் சென்ற பின்னும் ஆறுதல் இல்லை என்றும் அதில் எழுதுகிறார். அவனுடைய கையெழுத்தையோ அவன் நூல்களில் ஒன்றையோ காணும்போதெல்லாம் என் இருதயம் புரண்டுவிடுகிறது என்பது அக்கடிதத்தில் வரும் செய்தி. நடந்து முடிந்ததற்குக் கதறுவது வீண் என்ற வாக்கியத்தை மோசே அறியாதவரல்லர். அது இடம்பெற்ற மிஷ்னா என்னும் பழைய சாஸ்திரத் தொகுப்பு முழுவதற்கும் உரை எழுதியவர் அவர்.

இனி, அவருடைய தத்துவ கிரந்தத்தின் மூன்றாம் பாகத்தில், கடவுளின் பராமரிப்பு மனிதர்மேல் எவ்வாறு செல்கிறது என்று ஆராயும் இடத்தைப் பாருங்கள். இலை உதிர்வதும், கப்பல் கவிழ்ந்து அதிலிருந்த சான்றோர்கள் மூழ்குவதும் ஒன்றுபோலத் தற்செயலே என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை என்று அவர் எடுத்துக்காட்டுகிறார். தம் கொள்கையைச் சொல்லும்போது, கப்பல் கவிழ்ந்தது தற்செயலாகவே இருக்கட்டும், அதில் இன்னார் ஏறினார்கள் என்பது தற்செயலன்று, அது நம் அறிவுக்கு எட்டாத நீதியின்படி அமைந்த தெய்வ சங்கல்பம் என்கிறார். கவிழும் கப்பல் தத்துவ வாதங்களில் வழக்கமாக வருகிற உதாரணம்தான். அதைக் கையாண்டபோது தம்பியை நினைத்திருக்க வேண்டும் என்று நாம் அடித்துச் சொல்வதற்கில்லை. ஆனால் ஐதாபுத் துறையில், அவுரியைத் தவிர வேறு சரக்கில்லாத காரணத்தால், தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டு கப்பலேறிய ஒருவனின் கடிதத்தை வைத்திருந்த கை, ஏறியது தற்செயலன்று என்று எழுதியது என்பதை நாம் மறப்பதற்கும் இல்லை. கர்மபலன் என்ற ஒரு சொல்லால் இத்தகைய கணக்குகளைத் தீர்த்துவிடப் பழகிய நமக்கு அந்த வாக்கியம் புதிதன்று. எழுதியவர் அந்த வாக்கியத்தால் ஆறுதல் பெற்றாரா என்பதே எனக்குப் பெரிய கேள்வி. எட்டாண்டுக்குப் பின்னும் ஆறவில்லை என்று கடிதம் சாட்சி சொல்கிறது. கிரந்தம் அதற்குப் பிற்பட்டது. அது தத்துவத்தைச் சொல்கிறதேயன்றி எழுதியவரின் நெஞ்சைச் சொல்லவில்லை.

ஒரே மனிதர் எழுதியவைதாம் இரண்டும்; ஆகவே ஒன்றை உண்மை, மற்றதைப் போலி என்று தள்ளுவது அவிவேகம். கிரந்தம் எல்லோருக்குமாக எழுதப்படுவது. எக்காலத்துக்கும் பொருந்த வேண்டியது. கவிழ்ந்த கப்பல்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு நியாயம் கூற வேண்டியது. கடிதத்துக்கு அந்தக் கடமை இல்லை. அது ஒருவர் ஒருவருக்கு ஒரு நாளில் எழுதுவது. அதில் கவிழ்வது ஒரே ஒரு கப்பல். சமய சித்தாந்தங்களைக் கிரந்தங்களிலிருந்து மட்டும் கற்பவர்கள், மனிதர்கள் அவற்றை நம்பினார்கள் என்பதை அறிவார்கள்; நம்பிக்கொண்டே எவ்வாறு அழுதார்கள் என்பதைக் கடிதங்கள் இல்லாவிட்டால் அறிய மாட்டார்கள். ஃபுஸ்தாத்தின் அந்தக் குவியலில், ‘வழிகாட்டி’ நூலின் வரைவுப் பக்கங்களில் சில மோசேயின் கையெழுத்திலேயே அகப்பட்டிருக்கின்றன. தம்பியின் கடிதமும் அதே குவியலில் இருந்தது. தெய்வ சங்கல்பத்தை விளக்கிய வரைவுக்கும், காப்பான் என்று நம்பிக் காக்கப்படாத ஒருவனின் வார்த்தைக்கும் அந்த அறை ஒரே மரியாதையைத்தான் கொடுத்தது; திருநாமத்தை அழிக்கலாகாது என்று சட்டம் தொகுத்தவரும் அந்த மோசேயே என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் இக்கடிதம் பிழைத்தது தெய்வச் செயலா? பக்திமான்களான நண்பர்கள் ஆம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னால் அதற்கு உடன்பட முடியவில்லை. காகிதத்தைக் கருணையோடு காத்தார் என்று ஒப்புக்கொண்ட மறுகணமே, அதை எழுதியவனை ஏன் காக்கவில்லை என்ற கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டுவிடுகிறோம். அந்த விடையைச் சொல்லத் துணிகிறவர்கள், அநேகமாக, தம்பியை இழக்காதவர்கள். தற்செயல் என்று மட்டும் சொல்லி முடிப்பதும் எனக்குச் சம்மதமில்லை. தற்செயல் அடக்கம் செய்யாமல் விட்டது மெய்தான், ஆனால் அறையில் இட்டது தற்செயலன்று. பொருளறிந்தோ அறியாமலோ, இந்தக் காகிதத்தைக் குப்பையில் எறியலாகாது என்று ஒரு கை தயங்கியது. இந்தக் கதையில் நான் உறுதியாகக் கைகூப்பக்கூடியது அந்தத் தயக்கத்தை மட்டுமே.

கடைசியாக, இக்கடிதங்களை நாம் படிக்கலாமா என்ற தர்மசங்கடம் மிச்சமிருக்கிறது. அதே 11-ஆம் நூற்றாண்டையொட்டி, ரைன் நதிப் பிரதேசத்தில் வாழ்ந்த ரப்பி கெர்ஷோம் என்பவரின் பெயரால் வழங்கும் விதிகளில் ஒன்று, பிறருக்கு எழுதப்பட்ட கடிதத்தை அனுமதியின்றிப் படிப்பவன் சமூக விலக்குக்கு உரியவன் என்கிறது. எகிப்து யூதர்கள் அந்த ஆணைக்கு உட்பட்டவர்களல்லர் என்பது ஒரு சமாதானம். இறந்தவருக்கு ரகசியம் இல்லை என்பது மற்றொரு சமாதானம். இரண்டாவதை நான் நம்புவதில்லை. எந்தக் கையெழுத்தைக் கண்டு அண்ணனின் இருதயம் புரண்டதோ, அதே கையெழுத்தை ஆராய்ச்சியாளர் பெரிதாக்கி வைத்து எழுத்தின் வளைவுகளை அளக்கிறார். வீட்டிலுள்ள சிறியவளைத் தேற்றும்படி சொன்ன வரி பல மொழிகளிலும் அச்சாகிறது. நானும் இதோ எழுதிவிட்டேன். சட்டம் கேட்பது எழுதியவரின் அல்லது பெற்றவரின் அனுமதியை. பெற்றவராகிய மோசே தம் கையாலேயே அக்கடிதத்தை அறையில் இட்டிருந்தால், அதன்மேல் தமக்கிருந்த உரிமையை விட்டுவிட்டார் என்று நம் பக்கம் வாதிக்கலாம். அவருக்குப் பின் பிள்ளைகளோ பேரர்களோ வீட்டைத் துப்புரவு செய்கையில் இட்டிருந்தால் அந்த வாதம் செல்லாது. அவரே இட்டிருந்தாலும், எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார்: அவர் ஒப்படைத்தது கடவுளிடம், கேம்பிரிட்ஜ் நூலகத்திடம் அன்று என்று சொல்வார், அதற்கு என்னிடம் பதில் இல்லை, இருந்தும் அக்கடிதத்தைப் படிக்காமல் இருந்திருப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.